எலுமிச்சம்பழத்தில் ஏறிய பஸ்

பஸ்ஸின் முன்படியில் ஒரு கால்தடம் இருந்தது.

பஸ் என்றால் முக்கால் முழ நீளத்துப் பிளாஸ்டிக் பஸ். படி என்றால் பாதித் தீக்குச்சி அகலம். அதன் நடுவில் ஓர் அரிசி படுத்து எழுந்துபோன மாதிரி ஒரு பள்ளம், பள்ளத்துக்கு முன்னால் வளைவாக ஐந்து புள்ளிகள். பல்லி என்று அரியமுத்து முடிவு செய்தான். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லென்ஸை எடுத்து இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பல்லிக்குக் குதிகால் கிடையாது. பெருவிரல் மட்டும் பருத்து ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதும் கிடையாது. செருப்பில்லாத வலது கால். விரல்கள் பஸ்ஸின் உட்பக்கம் பார்த்திருந்தன. ஏறியிருக்கிறது. இறங்கிய தடம் இல்லை.

அவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படியை மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

"சுந்தராம்பா!"

அவன் மனைவி சுந்தராம்பாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். முந்தின நாள் ஆயுத பூஜை. வாசல் கதவு, தையல் மெஷின், சைக்கிள், மிக்சி, அவனுடைய கத்திரிக்கோல் என்று வீட்டில் இருந்த அத்தனையிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸின் நெற்றியிலும்தான்.

"நேத்து இதை என்னடி பண்ணின?"

"பூஜை போட்டேன். மிக்சிக்கே போட்டாச்சு. சக்கரம் வச்ச வண்டிய விட்டா நல்லாவா இருக்கும்?"

"பொட்டோட நிறுத்தினியா?"

"எலுமிச்சம்பழமும் வச்சேன். முன்சக்கரத்துக்கு அடியில வச்சுத் தள்ளினேன், ஏறல. வெயிட்டே இல்லாத வண்டி எப்படி ஏறும்? கையால அமுக்கித்தான் ஏத்தினேன்."

அரியமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எலுமிச்சந்தோலில் ஓர் எண்ணெய் இருக்கிறது. மனிதனுக்கு அது வாசனை, இந்த வகைப் பிளாஸ்டிக்குக்கு அது எமன். ஒரு தெர்மகோல் துண்டின் மேல் தோலைப் பிழிந்து பாருங்கள், துண்டு குழி விழுந்து அழும். பஸ்ஸின் படி, முன்சக்கர வளைவு, கூரையைத் தாங்கும் முன்தூண்கள் எல்லாம் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகி, பிசுபிசுத்து, கோணலாகவே மறுபடி இறுகியிருந்தன. இளகியிருந்த நேரத்தில்தான் அந்தக் கால் பட்டிருக்கிறது.

"அப்ப ஆரஞ்சுப் பழம் வச்சிருக்கணுமா?" என்று கேட்டாள் சுந்தராம்பாள், உண்மையான அக்கறையோடு.

"ஆரஞ்சுலயும் அதே எண்ணெய்தான்டி!"

"பூசணிக்காய்தான் உடைச்சிருக்கணும் போல."

அவன் லென்ஸை அவளிடம் நீட்டினான். அவள் குனிந்து, படியைப் பார்த்து, நிமிர்ந்தாள்.

"ஏறியிருக்காங்க," என்றாள், மளிகைக் கடையில் கூட்டம் என்று சொல்வதைப் போல. "பூஜை போட்டுப் பழத்துல ஏத்திட்டா அப்புறம் அது பொம்மையா? வண்டிங்க. வண்டின்னா ஆளு ஏறத்தான் செய்யும்." அடுப்பில் சாம்பார் பொங்கும் சத்தம் கேட்டதும் போய்விட்டாள்.

பஸ் அவனுடையதாக இருந்தால் அன்றைக்கே தூக்கிப் பரணில் போட்டிருப்பான்.

பெரம்பலூரில் அவனுக்கு நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் செய்கிற கடை, துறைமங்கலத்தில் வீடு. வீட்டு முன்னறை அலமாரி முழுக்க விமானம், கப்பல், ரயில் என்ஜின். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வருவதை ஒட்டிச் செய்கிற மாடல்கள். அவன்கூட ஒரே பெஞ்சில் படித்த லப்பைக்குடிக்காட்டு ஜக்கரியா ஜித்தாவிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கு அத்தர், அரியமுத்துவுக்கு ஒரு பெட்டி என்று கொண்டுவருவான். தெருவில் அரியமுத்துவுக்குப் பொம்மை வைத்தியர் என்று பெயர்.

அந்த 2002ஆம் வருடம் வந்தது புதுப் பெட்டி இல்லை. ஜக்கரியாவின் முதலாளி அங்கே புனிதப் பயணிகளுக்கு பஸ் விடுகிறவர். அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் தன் கையால் ஒட்டிச் செய்த மாடல் இது. முதலாளி வைத்தியத்துக்கு வெளிநாடு போயிருந்த சமயத்தில் வீட்டுச் சாமான் மாற்றிய ஜக்கரியா, பஸ்ஸைக் காருக்குள் வைத்து ஒரு மதியம் மறந்துபோனான். ஜித்தா வெயில். கூரை தொட்டிலாகத் தொய்ந்துவிட்டது. முன்கண்ணாடி கழன்று விழுந்தது. மெத்தென்ற டயர்கள் தாம் மாட்டியிருந்த சக்கரங்களைத் தின்னத் தொடங்கியிருந்தன. அதுவும் நடக்கும். டயரை மென்மையாக வைத்திருக்கிற பசை கசிந்து, தொட்ட பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

"அவரு தங்கமான மனுசன்டா, முத்து," என்று சொல்லியிருந்தான் ஜக்கரியா. "என்னை ஒரு நாள் முகம் சுளிச்சுக் கூப்பிட்டதில்ல. ஆனா இது அவரோட அத்தா செஞ்சது. நோம்புக்கு முன்னாடி வந்து அலமாரியத் திறப்பாரு. பஸ்ஸு பழையபடி நிக்கலேன்னா எனக்கு வேலையும் இல்ல, விசாவும் இல்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, பாதி கட்டின வூடு. இன்ஷா அல்லாஹ் நீ பாத்துக்குவே."

அரியமுத்துவும் பார்த்துக்கொண்டான். டயர்களை ஊசியால் நெம்பிக் கழற்றி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நடுவில் சுற்றி, இனிமேல் டயரும் சக்கரமும் ஒன்றையொன்று தொடாமல் மாட்டினான். கூரையை வெந்நீரில் நிமிர்த்தினான். முன்கண்ணாடி ஒட்டுவதுதான் பாக்கி. ஜக்கரியா வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறான், மெட்ராஸில் விமானம். வேலை நேரத்துக்கு முடிந்திருக்கும். நடுவில் சரஸ்வதிக்கு எலுமிச்சம்பழம்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க உட்கார்ந்தான். கரக், கரக். தேய்க்கத் தேய்க்க வாய் சும்மா இருக்கவில்லை. மாமனார் குடும்பம், அவர்களுடைய குலதெய்வம், விக்கிரமங்கலத்தில் விளையும் எலுமிச்சை எல்லாவற்றையும் ஒரு சுற்று இழுத்தான். ஐந்து புள்ளிகளில் பெருவிரல் புள்ளிதான் கடைசியில் போயிற்று. படி வழவழவென்று ஆனபோது சுந்தராம்பாள் பையோடு வாசலில் நின்றாள்.

"இந்தத் தின்னர் நாத்தத்துலயும் உங்க வாயிலயும் என்னால இருக்க முடியாது. எங்க அக்கா வூட்டுக்கு விக்கிரமங்கலம் போறேன். ஆளு ஏறின வண்டிய வச்சுக்கிட்டு நீங்களே கண்டக்டர் வேலை பாருங்க."

போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்த அரியமுத்து, குனிந்த வாக்கிலேயே நின்றான்.

அவன் வீட்டு வாசற்படியிலும் ஒரு கால்தடம் உண்டு. அவனுடையதேதான். வீடு கட்டின வருடம் ஈரச் சிமெண்டில் தெரியாமல் மிதித்து, கொத்தனார் அய்யம்பெருமாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பூசி மறைக்க மனமில்லாமல் விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், அடைக்கலாங்குருவி குடிக்கும்.

இப்போது தடம் இல்லை. யாரும் பூசவுமில்லை. படி முழுவதுமே ஒரு விரற்கடை தேய்ந்து, சலவைக்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தது. ஓரங்களில் ஈரமான சாம்பல்நிறப் பொடி. விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் கேட்ட ஒரு சத்தம் இப்போது நினைவுக்கு வந்தது. சீராக, அவசரமில்லாமல், நடுநடுவே தண்ணீர் தெளித்துக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பொன்னாயி பாத்திரம் தேய்க்கிறாள் என்று புரண்டு படுத்திருந்தான்.

"அக்கா, காலையில பாத்திரம் தேய்ச்சீங்களா?"

"குழாயில தண்ணியே வரல, எங்கேர்ந்து தேய்க்கிறது?" என்றாள் பொன்னாயி சுவருக்கு அப்பாலிருந்து. "உன் வூட்லதான்பா மாவு மெஷின் ஓடினாப்புல இருந்துச்சு. சம்சாரம் ஊருக்குப் போனதும் தொழிலை மாத்திட்டியா?"

அய்யம்பெருமாள் மணலை அதிகம் கலந்துவிட்டான் என்று தீர்ப்பு எழுதி, அரியமுத்து கடைக்குப் போனான். போகும்போது படியை மிதிக்காமல் தாண்டிப் போனான். ஏன் தாண்டினோம் என்று யோசிக்கவில்லை.

கடையில் இருப்புக் கொள்ளவில்லை. மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். முன்தூண்கள் இளகியதால் நிமிர்த்தி வைத்த கூரை மறுபடி முன்பக்கம் தொய்ந்திருந்தது. நிமிர்த்தியதை நிமிர்த்துவதுபோல் ஒரு வெறுப்பான வேலை உலகத்தில் இல்லை. தண்ணீரைக் காய்ச்சினான். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. கை பொறுக்காத சூடு வேண்டும். டம்ளரால் மொண்டு கூரையின் மேல் மெதுவாக ஊற்றி, இளகியதும் மேலே பலகை வைத்து, பலகையின் மேல் அம்மிக்குழவியைப் படுக்க வைத்தான். குழவி உருண்டது. பிடித்து நடுவில் நிறுத்தினான். பஸ்ஸுக்குள்ளிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிளாஸ்டிக் சூட்டில் முனகும். அதுவும் நடக்கும்.

மூன்று மணிக்கே வானம் கறுத்தது. எசனை ஊர்ப் பக்கமிருந்து காற்று ஈரமண் வாசனையைத் தூக்கிக்கொண்டு வந்து, முருங்கை மரத்தை உலுக்கி, கொடியில் கிடந்த துண்டைச் சுருட்டி எறிந்து, பிறகு திடீரென்று செத்துப்போனது; அந்த அமைதியில் மொட்டை மாடியில் முதல் மழை விழுந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை. ஒரே ஊற்றாக. நின்றது. மறுபடி ஓர் ஊற்று. ஜன்னல் வழியே கையை நீட்டிய அரியமுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மழை சுட்டது.

உள்ளங்கை சிவந்திருந்தது. பொன்னாயி வீட்டுத் தகரக் கூரையில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. தெருவில் புழுதி புழுதியாகவே கிடந்தது. பிறகு மேலே ஏதோ அகலமாக வந்து அமர்ந்தது. சுவர்கள் நான்கும் ஒரு தடவை மூச்சை அடக்கின. அதன் மேல் உருண்டையாக ஒன்று, ரோடு ரோலர் கனத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருண்டது. நின்றது. திரும்பி நடுவுக்கு வந்தது.

விட்டத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் அவன் தலையில் உதிர்ந்தது.

இடி என்று அவன் சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொல்லிக்கொண்டான். மேஜை மேல் பலகையும் குழவியும் பஸ்ஸை அமுக்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துக் கீழே வைத்தான். கொஞ்ச நேரத்தில் மாடி மேல் இருந்ததும் எடுக்கப்பட்டது.

அவன் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசித்தால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் ஜக்கரியா நின்றுவிடுவான்.

இனி முன்கண்ணாடி. கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக்கை மரவேலைக்காரர்களின் வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். காய அரைநாள் ஆகும், ஆனால் காய்ந்ததும் தெரியாது. அவசரத்துக்குச் சூப்பர் குளூ போட்டால் அதிலிருந்து எழும்பும் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும், அதுவும் மழைக்காலத்துக் காற்றில் இரண்டு மடங்கு. இந்த வித்தை தெரியாமல் அவன் பாழாக்கிய விமானங்கள் மூன்று அலமாரியில் கண்புரை விழுந்து நிற்கின்றன. ஊசிமுனையால் வெள்ளைப் பசையை ஓரத்தில் தடவி, கண்ணாடியைப் பொருத்தி, கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு வந்தான்.

கண்ணாடி பஸ்ஸுக்கு முன்னால் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது.

சட்டம் கோணல் என்று நினைத்தான். துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினான். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கிய நேரத்தில் 'டப்' என்றது. மறுபடி வெளியே. மூன்றாவது தடவை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டினான். ரப்பர் பேண்டு முதலில் நடுவில் மெல்லப் பூரித்தது, அதாவது வெளிப்பக்கமாக. பிறகு அறுந்து அவன் கன்னத்தில் அடித்தது.

போன் அடித்தது.

"முத்து, பஸ்ஸு ரெடியா? விடிஞ்சதும் காரோட வந்துருவேன். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. சின்னவ காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்குறா."

"ரெடிதான்டா."

"உன்னை அல்லாஹ் நல்லா வைப்பான்."

போனை வைத்த கையோடு சூப்பர் குளூவை எடுத்தான். டியூபின் மூக்கை ஊசியால் குத்தித் திறந்தான். கன்னம் எரிந்தது, கண் எரிந்தது, பொறுமை அறவே இல்லை. சாரலுக்காக ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. அறைக்குள் காற்று ஈரத்துணி மாதிரி தொங்கியது. சட்டத்தைச் சுற்றிப் பசையை ஓட்டி, கண்ணாடியை வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கிப் பிடித்தான். உள்ளிருந்து அது எதிர்த்தது. நிஜமாகவே எதிர்த்தது. தேங்காய் நாரில் திரித்த கயிறு இழுபட்டுத் தளர்வதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. பசை பிடித்துக்கொண்டது.

பிறகு கண்ணாடி பூக்கத் தொடங்கியது.

முதலில் ஓரங்கள். பிறகு நடுவை நோக்கி. இந்த வெள்ளைக்கு ஒரு குணம் உண்டு. விரல் பட்ட பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் போய் உட்காரும். வெளிப்பக்கத்தில் அவனுடைய கட்டைவிரல் ரேகைகள் இரண்டும் துலக்கமாக எழும்பின. பாதிக் கண்ணாடியை ஒவ்வொன்றும் அடைத்துக்கொண்டு, சுழி சுழியாக. பரவாயில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைத்தான். போய்விட்டது.

அடியில் வேறு இருந்தன.

லென்ஸை இடுக்கிக்கொண்டு கரண்ட் போன அறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தான். உட்பக்கத்தில், கண்ணாடியின் கீழ்விளிம்பு நெடுக, கசகசா அளவில் வெள்ளைப் புள்ளிகள். ஐந்து ஐந்தாக. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சுழி. கொத்தமல்லி விதை அளவில் உள்ளங்கைகள், ரேகையோடு. ஒன்று இரண்டு இல்லை. முண்டியடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, ஆட்கள் தொங்கிக்கொண்டு போகும் டவுன் பஸ்ஸில் பதிவதைப் போல.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பதிந்தது.

பதிந்து, கீழ்நோக்கி மெல்ல வழுக்கியது.

டிக். டிக். டிக். மழை என்று நினைக்க முடியவில்லை. வெளியே மழை இல்லை.

பிளேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓரத்தில் ஒரு கீறு போட்டு நெம்பினால் கண்ணாடி வந்துவிடும். உடைந்துதான் வரும். இன்னொரு கண்ணாடிக்கு உலகத்தில் எங்கே போவது? விடிந்தால் கார் வரும். காலைக் கட்டிக்கொண்டிருக்கிற சின்னவள். பாதி கட்டின வீடு. உள்ளே யாராக இருந்தால்தான் என்ன, அவர்களை அவன் ஏறச் சொன்னானா?

அரியமுத்து பிளேடை இழுப்பறையில் போட்டுச் சாத்தினான். பஸ்ஸைப் பஞ்சில் சுற்றினான். நான்கு பக்கமும் தெர்மகோல் பலகை வெட்டி இறக்கினான். அது கிறீச் கிறீச்சென்று உரசிக்கொண்டு உட்கார்ந்தது. அட்டைப்பெட்டியின் மூடியை மூடி டேப் ஒட்டினான். டிக் சத்தம் பஞ்சுக்குள் அமுங்கியது. காதில் மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஜக்கரியா அம்பாசடரில் வந்தான். பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கிப் பார்த்தவன் முகம் மலர்ந்தது.

"ஏசி பஸ்ஸுக் கண்ணாடி இப்படித்தான்டா பூத்திருக்கும்! பழசுக்கு இதுதான் தேவலை. அவரு கேட்டா, ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லிக்கிறேன்."

"எங்கயும் திறக்காத. கொண்டுபோய் அப்படியே வை."

"ஏன்டா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? தூங்கலையா? போய்ப் படு. நல்லாப் பண்ணிருக்கடா, மாப்ள. என் குடும்பத்தையே காப்பாத்திட்ட."

கார் நான்கு ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. அரியமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்திப் படுத்தான். மூன்று நாள் எரிச்சல் உடம்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. விக்கிரமங்கலத்துக்குப் போன் போட்டு, எலுமிச்சம்பழத்துக்காகத் திட்டியதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

மதியத்துக்கு மேல் விழிப்பு வந்தது. அறை மங்கலாக இருந்தது. மூக்கில் சூப்பர் குளூ வாசனை, காரமாக, கண்ணைக் கரிக்கும்படி. கையில் ஒட்டியிருக்கும் என்று போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினான். வாசனை போகவில்லை. மேஜையைத் துடைத்தான். டியூபைச் சாக்கடைத் துவாரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். போகவில்லை. நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டே போனான், அடுப்படி, கூடம், முன்னறை, வாசல்.

வாசனை வெளியே இருந்து வந்தது.

கதவைத் திறக்கப் போனான். தாழ்ப்பாள் இறங்கியது. கதவு அசையவில்லை. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்தில் தெளிவாக, கண்ணாடி மாதிரி, ஏதோ ஒன்று விரல் பருமனில் ஓடியிருந்தது. மேலிருந்து கீழ்வரை. ஒரு கொப்புளம்கூட இல்லாமல். நேர்த்தியான வேலை. தோளால் இடித்தான். கல்லில் இடித்த மாதிரி இருந்தது.

"அக்கா! பொன்னாயி அக்கா!"

பதில் இல்லை. குழாயடிச் சத்தம் இல்லை, பஸ் ஹாரன் இல்லை, காக்கை இல்லை. போனை எடுத்தான். அதிலும் ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு ஓடினான்.

கண்ணாடி பூத்துக்கொண்டிருந்தது.

முதலில் ஓரங்கள். பிறகு நடுவை நோக்கி. உட்பக்கத்தில் அவனுடைய விரல்கள் எழும்பின. சுந்தராம்பாளின் விரல்கள். சின்னச் சின்னதாக, வெள்ளையாக, இத்தனை வருடமாக மழையும் தெருவும் பார்க்கக் கை வைத்த அத்தனையும். அவன் உள்ளங்கையால் குத்தினான். டிக். இரண்டு கையாலும் குத்தினான். டிக். டிக். பெரிய சத்தமாகவே வரவில்லை. கை வழுக்கியது. வெள்ளையில் நீளமாக ஒரு கோடு.

இந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளிப்பக்கத்தில் அது எழும்பியது. ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு. முதலில் வளைவு. வளைவுக்குள் வளைவு. ஒவ்வொரு வரியும் தாம்புக்கயிற்றுப் பருமன். நடுவில் ஒரு சுழி, அவன் தலை அளவில். யாரோ அமுக்கிப் பிடித்திருந்த ஒற்றைக் கட்டைவிரல்.

திறப்பார்கள் என்று நினைத்தான். ஒரு கீறு. ஒரு நெம்பு. கேட்காமலா இருக்கும்? டிக். டிக். டிக். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்காமலா இருப்பார்கள்?

பார்ப்பார்கள். வெளியே இருப்பவருக்கும் ஒரு ஜக்கரியா இருப்பான். விடிந்தால் கார் வரும்.

மேலிருந்து எண்ணெய் வாசனையோடு ஏதோ மெத்தென்று இறங்கி, கண்ணாடியை ஒரு தடவை அன்பாகத் துடைத்தது. பெரிய ரேகை போய்விட்டது. அவனுடையவை மட்டும் இருந்தன.

பிறகு, கிழக்குச் சுவரை உரசிக்கொண்டு, கிறீச்.

மேற்கே, கிறீச்.

வடக்கே.

வெளிச்சம் ஒரு ஜன்னலாகக் குறைந்தது. அந்த ஒரு ஜன்னலின் வெள்ளையில், கொத்தமல்லி விதை மாதிரி, இரண்டு உள்ளங்கைகள்.